தீமுடிச் சிட்டின் தீவு

ஆளற்ற தீவொன்றில் தன்னந்தனியே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ராபின்சன் குரூசோவின் கதையை நம் வாசகருள் பலர் அறிவர். பள்ளியில் ஆங்கிலத் துணைப்பாடமாக அதனைப் படித்தவர்கள், மணலில் பதிந்த ஒற்றைக் காலடியைக் கண்டு குரூசோ திடுக்கிட்ட இடத்தை இன்றளவும் மறந்திரார். டேனியல் டீஃபோ 1719ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலுக்கு வித்தாக அமைந்தவர்களுள் முதன்மையானவர் அலெக்சாண்டர் செல்கர்க் என்னும் ஸ்காட்லாந்து மாலுமி. தம் கப்பலின் தலைவரோடு பிணங்கிக்கொண்டு, 1704ஆம் ஆண்டில் பசிபிக் மாகடலின் ஒரு தீவில் இறங்கிவிட்ட அவர், 1709ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வேறொரு கப்பல் வந்து மீட்கும்வரை நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் அங்கே தனித்திருந்தார். அவருக்கும் முன்பே, மனிதர் எவரும் அக்கரையில் கால்வைக்கும் முன்பே, அத்தீவில் குடியிருந்த ஒரு சிறு பறவையைப் பற்றி இம்மாதம் எழுத விழைகின்றோம். அது அத்தீவில் மட்டுமே வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லை.

தென்னமெரிக்காவின் மேலைக் கடலோரமாய் நீண்டு கிடக்கும் சிலி நாட்டிலிருந்து ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் கிடப்பன ஹுவான் பெர்னாந்தெஸ் தீவுகள். 1574ஆம் ஆண்டில் அவற்றைக் கண்ட ஸ்பானிய மாலுமியின் பெயரே அவற்றுக்கு வழங்குகின்றது. (நம் கடற்கரைப் பங்குகளில் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெர்னாண்டோவும் இந்தப் பெர்னாந்தெசும் ஒரே வேரில் கிளைத்த பெயர்களே.) நாம் பேசும் தீவுக்கு 'மாஸ் ஆ தியெர்ரா' என்று பெயர், 'நிலத்துக்கு அருகிலிருப்பது' என்பது பொருள். 670 கிலோமீட்டரை அருகு என்பதா என்று வியக்க வேண்டா. இன்னும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அப்பால் 'மாஸ் அஃபுவேரா', அதாவது 'இன்னும் வெளியே இருப்பது', என்றொரு தீவு உண்டு. அதனோடு ஒப்பிட்டே இந்தப் பெயர். 1966ஆம் ஆண்டில் சிலி அரசு அருகுத் தீவுக்கு ராபின்சன் குரூசோ என்றும், அப்பாலைத் தீவுக்கு அலெக்சாண்டர் செல்கர்க்கின் பெயரையும் சூட்டிற்று. செல்கர்க் வாழ்ந்த தீவுக்குக் கதைமாந்தன் பெயர். செல்கர்க் கால்வையாத தீவுக்கு அவர் பெயர்! பெயர் சூட்டுவோரின் போக்கே இப்படித்தான் போலும்.

தீவு பெரிதன்று. பரப்பளவு ஏறத்தாழ 48 சதுர கிலோமீட்டர். எரிமலை கக்கிய பாறை கடலினின்று செங்குத்தாய் எழுந்து நிற்கின்றது. அதன் உச்சிக்கு 'எல் யுன்கே', அதாவது கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல், என்று பெயர். 915 மீட்டர் உயரமுள்ள அக்கல்லின்மீது கடற்காற்று மோதி மேகமாய்க் கவிந்து நிற்பதால், சரிவுகளில் ஈரம் அறாத காடு செழிக்கின்றது. தீவின் ஒரே ஊர் கும்பர்லாந்து விரிகுடாவின் கரையிலுள்ளது. ஊரின் பெயர் 'சான் ஹுவான் பவுத்திஸ்தா'; நாம் ஸ்நாபக அருளப்பர் என்று வணங்கும் புனிதரின் பெயர்தான். ஏறத்தாழ ஆயிரம்பேர் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சோறிடுவது சிங்கி இறால். தூத்துக்குடியிலும் குமரியிலும் வலைவீசும் நம் மக்களுக்கு அவ்வூரின் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை.

இனிப் பறவைக்கு வருவோம். அது ரீங்காரச் சிட்டு இனத்தைச் சேர்ந்தது. ஓசனிச்சிட்டு என்று எழுதுவோரும் உளர். இங்கே ஓர் ஐயத்தைத் தெளிவித்துவிடுவது நல்லது. நம் பங்கு இல்லத்தின் செம்பருத்திச் செடியில் வளைந்த அலகோடு வந்து தொற்றும் தேன்சிட்டைக் கண்டதும், பீடச் சிறுவர்கள், "ஃபாதர், இதுதானே அந்த ரீங்காரச் சிட்டு?" என்று கேட்பதுண்டு. அன்று. ரீங்காரச் சிட்டுகள் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளாய் இன்று இயற்கையில் வாழ்வது அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே. நம் தேன்சிட்டுக்கும் அவற்றுக்கும் உறவுமுறை மிகத் தொலைவு. மலர்த்தேனை உண்டு வாழும் தொழில் ஒன்றானதால் தோற்றமும் ஒன்றுபோல அமைந்ததே அன்றி, குருதி உறவால் அன்று. தேன்சிட்டு பூவருகே கிளையில் அமர்ந்து உண்ணும். ரீங்காரச் சிட்டோ காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். அச்சிறகொலிதான் ரீங்காரம். அந்த உழைப்புக்கு எரிபொருள் ஏராளமாய் வேண்டும். ஆதலின் பகல் முழுதும் தேன் தேடி அலையும்; குளிரும் இரவுகளில் உடலின் வெப்பத்தை வெகுவாய்த் தாழ்த்தி, விளக்குத் திரியைக் குறைத்து வைப்பதுபோல உயிரைக் குறைத்து வைத்துக்கொண்டு விடியலைக் காத்திருக்கும் இவ்வினத்துப் பறவைகள் பலவுண்டு.

ஹுவான் பெர்னாந்தெஸ் தீவின் ரீங்காரச் சிட்டுக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லாமையால், ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் பொருளையொட்டித் தீமுடிச் சிட்டு என்று அழைப்போம். தலையில் நெருப்பை முடியாய்ச் சூடிய சிட்டு. ஆண் பறவையின் உடல் முழுதும் நன்றாய்ச் சுட்ட செங்கல்லின் நிறம். இலவங்கப்பட்டையின் நிறம் என்பாரும் உண்டு. சிறகு கறுத்தது. அலகு கறுப்பாய், நேராய், ஊசிபோல் குறுகியது. நெற்றி முதல் உச்சிவரை செம்பொன்னாய் ஒளிரும் இறகுத் தொகுதி. நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 11 கிராம். பெண் பறவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று எவரும் நம்பார். அதன் முதுகு நீலம் கலந்த பச்சை. வயிறு தூய வெண்மை. அவ்வெண்மையின்மீது பச்சையும் வெண்கல நிறமுமாய்ப் புள்ளிகள் தெளித்திருக்கும். அதன் தலையிலும் முடி உண்டு; ஆனால் அது நெருப்பன்று, நீலம். எடையோ 7 கிராம் அளவே, நம் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. ஆண் சிட்டு அப்படிப்பட்ட நாணயம் ஒன்றரை.

இத்துணை வேற்றுமை இருந்தமையால் அறிஞர்களும் ஏமாந்தனர். தென்னமெரிக்கக் கரைகளை அளக்கச் சென்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பிலிப் பார்க்கர் கிங், 1831ஆம் ஆண்டில் இப்பறவையை உலகுக்கு அறிவித்தபோது, ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறொரு பெயரும் இட்டு இரண்டு இனங்களாகவே எழுதினார். பெண்ணுக்கு இட்ட பெயர், மறைந்த தம் தோழரான பீகிள் கப்பலின் தலைவர் ஸ்டோக்ஸின் நினைவாக இட்டது. கணவனும் மனைவியும் நூல்களில் அயலாராய் வாழ்ந்த அந்த விந்தை பல்லாண்டுகள் நீடித்தது.

அத்தீமுடியின் ஒளியைப் பற்றியும் ஒரு சொல். ஆண் சிட்டின் உடற்செம்மை இறகில் ஊறிய சாயம். மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் இருப்பதுபோல அதற்கு அது நிலையானது. முடியின் ஒளியோ சாயத்தால் மட்டும் வருவதன்று. இறகின் நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குறிப்பிட்ட நிறத்தை மட்டும் மிகுவிக்கின்றன. சவர்க்கார நுரையின் குமிழியிலும் மயிற்பீலியின் கண்ணிலும் நாம் காண்பது இதே வித்தைதான். எனவேதான் சிட்டு சற்றே தலையைத் திருப்பினால் நெருப்பு அணைந்து முடி மங்குகின்றது. மீளவும் திரும்பினால் மூண்டெழுகின்றது. அரைநொடியில் அணைந்து எரியும் அந்த விளக்கைப் பச்சை இருளான காட்டில் காண்போர் பேறுபெற்றோர். நாம் படங்களிலும் ஓடும் படங்களிலும் மட்டுமே கண்டிருக்கின்றோம்; அதற்கே வாய் அடைத்துப்போனோம்.

இதன் வாழ்வு லூமா என்னும் மரத்தோடு பிணைந்தது. லூமா நம் நாவலும் கொய்யாவும் சார்ந்த குடும்பத்து மரம். அதுவும் இத்தீவுக்கே உரியது. ஆய்வாளர் கண்ட கூடுகள் பெரும்பாலும் லூமாவின் மெல்லிய கிளைகளிலேயே அமைந்திருந்தன. பாசியும் பெரணியின் மென்மயிரும் கொண்டு பின்னிய சின்னஞ்சிறு கிண்ணம். அதற்குள் இரண்டு முட்டைகள். தேன் மட்டும் போதாது. வளரும் குஞ்சுக்கு ஊன் வேண்டும். லூமாவின் இலையடியில் ஒளிந்திருக்கும் சிறு பூச்சிகளை அது பொறுக்கி உண்ணும்.

தேனுக்கோ பல மரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. தீவு மக்கள் அதனைக் 'கோல்' என்பர். முட்டைக்கோசு என்று பொருள். இலைகள் முட்டைக்கோசின் இலைபோலப் பெரியனவாய்ப் படர்ந்திருப்பதால் அப்பெயர். உண்மையில் அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பற்பல ஊழிகளுக்கு முன் எங்கிருந்தோ வந்து விழுந்த சிறு செடியொன்றின் வித்து, மரங்களோடு போட்டியிட வேண்டாத வெற்றுத் தீவில், தலைமுறை தலைமுறையாய்த் தானே மரமாகிவிட்டது. செம்மஞ்சள் நிறத்தில் அதன் பூங்கொத்துகள் தலைகீழாய்த் தொங்கும். இவ்விடத்தில் தீமுடிச் சிட்டின் தனிப்பழக்கம் ஒன்று வெளிப்படுகின்றது. மற்ற ரீங்காரச் சிட்டுகள்போல எப்பொழுதும் காற்றில் நின்று உண்ணாமல், வலிய கால்களால் இலையையோ காம்பையோ பற்றித் தொங்கிக்கொண்டு இது தேன் பருகுவதும் உண்டு. சிறகடிக்கும் செலவு மிச்சம். சிக்கனக்காரக் குடும்பத் தலைவனைக் கண்டதுபோல நமக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

சிட்டும் வந்தேறியே. அதன் மூதாதையர் சிலி நாட்டுப் பெருநிலத்திலிருந்து காற்றில் அடித்துவரப்பட்டு, இங்கே தங்கி, பல்லாயிரம் தலைமுறைகளில் வடிவும் நிறமும் மாறித் தனியினம் ஆயினர். பின்னர் 19ஆம் நூற்றாண்டில், பெருநிலத்தில் வாழும் பசுமுதுகுச் சிட்டு என்னும் தாயாதி உறவு ஒன்றும் வந்து சேர்ந்தது. உருவிற் சிறியது அது. இன்று எண்ணிக்கையில் மிக்கதும் அதுவே. ஆண் தீமுடிச் சிட்டு தன் பூமரத்தைக் காவல்காத்து அதனைத் துரத்தும். எனினும் இருவருக்கும் பந்தி ஒன்றே.

காற்றும் அலையும் கொணர்ந்தவற்றோடு அத்தீவு பழகிக்கொண்டது. கப்பல் கொணர்ந்தவற்றோடு பழக அதற்குக் காலம் வாய்க்கவில்லை. ஹுவான் பெர்னாந்தெசின் காலத்திலேயே ஆடுகள் வந்தன. நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளுக்குப் புத்திறைச்சி கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவற்றை விட்டுச் சென்றனர். ஆடுகள் பல்கின. ஸ்பானியரின் பகைவரான கடற்கொள்ளையர் அவ்வாடுகளைத் தின்று வலுப்பெற்றனர். அதனைத் தடுக்க ஸ்பானியர் நாய்களைக் கொணர்ந்து விட்டனர். ஆடுகள் குறைந்தன; நாய்கள் தங்கின. ஜோசப் டவுன்செண்டு என்னும் ஆங்கிலிக்கன் போதகர் ஒருவர், இந்த ஆட்டையும் நாயையும் எடுத்துக்காட்டி, ஏழைகளுக்கு அரசு உதவவேண்டா, பசியே அவர்களை வேலைக்கு இழுத்துவரும் என்று 1786ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். திருப்பணியாளர் ஒருவர் எழுதக்கூடியவற்றுள் அதனினும் கொடியதை நாம் கண்டதில்லை. பறவைப் பேச்சுக்கு அது புறம்பானது, விட்டுவிடுவோம்.

கப்பல்களோடு எலிகளும் வந்தன. எலிகளை ஒழிக்கப் பூனைகள். செல்கர்க்கை மீட்ட கப்பலின் தலைவர் வூட்ஸ் ராஜர்ஸ் எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. உறங்கும்போது எலிகள் செல்கர்க்கின் கால்களையும் உடைகளையும் கடித்துக் குதறினவாம். அவர் ஆட்டிறைச்சி ஊட்டிப் பூனைகளைப் பழக்கினார். அவை கூட்டமாய் வந்து அவரைச் சூழ்ந்து படுத்து எலிகளை விரட்டின. தனிமை தீர, பழக்கிய பூனைகளோடும் ஆட்டுக்குட்டிகளோடும் பாடி ஆடுவாராம். படிக்கும்போது நெஞ்சு இளகுகின்றது. அம்மனிதரின் உயிரையும் அறிவையும் காத்தவை அப்பூனைகளே எனலாம். ஆனால் அத்தீவின் பூனைகளுக்கு எலிமட்டும் இரை ஆகவில்லை. தாழ்ந்த கிளையில் மெய்ம்மறந்து தேன் பருகும் 7 கிராம் பறவை பூனைக்கு ஒரு பாய்ச்சல் தூரம். காலூன்றி உண்ணும் பழக்கம், பகை அறியாத நாட்களில் ஊதியமாய் இருந்தது. இப்போது அதுவே இடர். எலிகளை அழிக்கவென்றே 20ஆம் நூற்றாண்டில் கோவாட்டி என்னும் நீள்மூக்கு விலங்கையும் கொணர்ந்தனர். முயலும் வந்தது.

செடிகள் செய்த தீங்கு இவற்றினும் ஆழமானது. வேலிக்கு நல்லது, பழமும் இனிப்பு என்று 'சர்சமோரா' என்னும் முட்கொடியைக் கொணர்ந்து நட்டனர். சிலி நாட்டுக் கரையிலிருந்து மாகி என்னும் பழமரமும், முர்த்தா என்னும் பழச்செடியும் வந்தன. இவற்றின் பழத்தைத் தின்னும் ஒருவகைப் பூங்குருவி, கொட்டைகளைக் காடெங்கும் எச்சத்தில் விதைத்துச் செல்கின்றது. முதிர்ந்த லூமா ஒன்று புயலில் சாய்ந்தால் அவ்விடத்தில் வானம் திறக்கும். முன்னெல்லாம் அவ்வொளியில் இளம் லூமாக் கன்று தழைக்கும். இன்றோ முட்கொடி முந்திக்கொண்டு தரையை மூடிவிடுகின்றது. அதனடியில் கன்று முளைப்பதில்லை. மரத்தை எவரும் வெட்டவில்லை; ஆயினும் மரத்தின் இடத்தில் மரம் இல்லை. விறகுக்காகக் கொணர்ந்த சீமைக் கருவேலம் நம் மாவட்டங்களின் கண்மாய்களை எப்படி விழுங்கிற்றென்று கண்டவர்க்கு இது புரியும்.

அத்தீவுகளில் சந்தன மரமும் இருந்தது. ஆம், நாம் அரைத்து நெற்றியில் இடும் சந்தனத்தின் உடன்பிறப்பு. உலகில் அங்கு மட்டுமே வளர்ந்த தனிவகை. மணத்துக்காக வெட்டினர், வெட்டினர், வெட்டிக்கொண்டே இருந்தனர். 1908ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் செடியியல் அறிஞர் கார்ல் ஸ்காட்ஸ்பர்க் அங்குச் சென்றபோது, எஞ்சியிருந்த ஒரே மரத்தைத் தேடிக் கண்டு நிழற்படம் எடுத்தார். அதன்பின் உயிருள்ள ஒரு மரத்தையும் எவரும் கண்டிலர். அதே 1908ஆம் ஆண்டோடு வேறொன்றும் முடிந்தது. அப்பாலைத் தீவான மாஸ் அஃபுவேராவிலும் தீமுடிச் சிட்டின் ஒரு கிளையினம் வாழ்ந்துவந்தது. அவ்வாண்டுக்குப்பின் அங்கு அதனைக் கண்டதாகச் செய்தி இல்லை.

நம் பங்கின் அன்பியக் கூட்டமொன்றில் இச்செய்திகளைச் சொல்லிக்கொண்டு வந்தோம். அத்தீவுகளின் காடு மீள வேண்டுமானால் காட்டு ஆடுகளைச் சுட்டுக் குறைப்பதன்றி வேறு வழி காணோம் என்று அறிஞர் கூறுவதையும் சொன்னோம். நான்கைந்து ஆடுகளை வைத்து இரண்டு பெண்மக்களைக் கரையேற்றிய தாயார் ஒருவர் உடனே எழுந்து, "ஒரு குருவிக்காக ஆட்டைக் கொல்றதா சாமி? ஆடு என்ன பாவம் செஞ்சது?" என்றார். கூட்டம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஆடு ஒரு பாவமும் செய்யவில்லை என்பதே உண்மை. அப்பாலைத் தீவில் சிங்கி இறால் பருவத்தில் சென்று தங்கும் மீனவர்க்கு இன்றும் அந்த ஆட்டிறைச்சி உணவாகின்றது. கொண்டுவந்து விட்டவர் மனிதர், சாவது ஆடு. இதில் நீதி எங்கே என்று அத்தாயார் கேட்பது முறையான கேள்வியே.

ஆயினும் நம் மனம் எந்தப் பக்கம் சாய்கின்றதென்று மறைப்பதற்கில்லை. ஆடு உலகெங்கும் உண்டு. அத்தாயாரின் கொட்டிலிலும் உண்டு. அத்தீவிலிருந்து அதனை அகற்றுவதால் ஆட்டினம் அழிந்துபடாது. சிட்டுக்கோ, அதன் லூமாவுக்கோ, கோல் மரத்துக்கோ போக்கிடம் இல்லை. கோல் மரம் ஒரு காலத்தில் இயற்கையிடங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சில மரங்களே எஞ்சும் அளவுக்கு மேய்ந்து தீர்க்கப்பட்டதென்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். இவ்வாறு நாம் சொன்னபோது அந்தத் தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. "கொல்றவன் கையில நடுக்கம் இருக்கணும் சாமி" என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

சிலி அரசு 1935ஆம் ஆண்டிலேயே அத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கிற்று. 1977ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்று ஏற்றது. தாள்களில் பாதுகாப்பு அன்றே வந்துவிட்டது. முட்கொடி தாள்களைப் படிப்பதில்லை. இன்று வளர்ந்த தீமுடிச் சிட்டுகள் ஆயிரத்துக்கும் குறைவு என்றே கணிக்கின்றனர். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் மிகக் கடைசிப் படியில் அதன் பெயர் உள்ளது.

வேலை நடவாமல் இல்லை. அரசின் வனத்துறையினரும், ஒய்கோனோஸ் என்னும் அமைப்பும், ஊராரும் சேர்ந்து, சிட்டு கூடு கட்டும் லூமாச் சோலைகளில் முட்கொடியையும் மாகியையும் வெட்டி அகற்றி, நாட்டு மரக்கன்றுகளை நடுகின்றனர். (குருமடத்தில் கிரேக்கம் பயின்றோர்க்கு அவ்வமைப்பின் பெயரைக் கேட்டவுடன் 'ஒய்கோஸ்', வீடு, என்னும் சொல் நினைவுக்கு வரும்.) எளிய வேலையன்று. செங்குத்தான ஈரச் சரிவில் கையால் அறுக்க வேண்டும். வேரோடு எடுக்காவிடின் அடுத்த ஆண்டே தழைக்கும். பூங்குருவி மீளவும் விதைக்கும். ஊரில் வளர்க்கும் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் முயற்சியும் நடந்துவருகின்றது. பூனையை நேசிக்கும் வீட்டாரைப் பகைக்காமல், பூனையும் இருக்கட்டும், பெருகாமல் இருக்கட்டும் என்ற இந்த வழி நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

2010ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் விடியுமுன், சிலி நாட்டை உலுக்கிய நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை சான் ஹுவான் பவுத்திஸ்தாவின்மீது ஏறிற்று. ஓடுங்கள் என்று சொல்ல அரசின் எச்சரிக்கை வந்து சேரவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிச்சென்று ஊர் மணியை அடித்து உறங்குவோரை எழுப்பினாள் என்பது உலகறிந்த செய்தி. அவ்வாறிருந்தும் பலர் மாண்டனர். கரையோர வீடுகளும், பள்ளியும், தோட்டங்களும் கடலோடு சென்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐக் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டா. பிணங்களைப் புதைத்து, கூரைகளை எழுப்பி, படகுகளைத் தேடித் திரிந்த அம்மக்களிடம் ஒரு சிட்டுக்குருவியைப் பற்றிப் பேச எவருக்கு நா எழும்? ஆயினும் சிட்டுக்கான பணி அதோடு நின்றுவிடவில்லை.

காட்டில் பூ அருகும் மாதங்களில் சிட்டு ஊருக்குள் இறங்கி வருகின்றது. பிற்காலத்தில் வந்த தைல மரத்தின் பூவையும் அது தள்ளுவதில்லை. வந்தேறியிலும் உதவுவது உண்டென்பதை அது அறிந்திருக்கின்றது போலும். மேய்ச்சலில் தீர்ந்துபோக இருந்த கோல் மரத்தை ஊரார் தம் வீட்டு முற்றங்களில் வளர்த்துவருகின்றனர். இன்று அது மிகுதியாய் நிற்பது காட்டிலன்று. மீனவர் வீட்டு வாசல்களில்தான். உலர்த்திய வலைகளுக்கும் கவிழ்த்த படகுகளுக்கும் அருகே அதன் செம்மஞ்சள் கொத்துகள் தலைகீழாய்த் தொங்க, செங்கல் நிறச் சிட்டு ஒன்று காம்பைக் காலால் பற்றிக்கொண்டு தேன் பருகுகின்றது. முற்றத்துக்கு எவரேனும் வந்தால் அது உடனே பறந்துவிடுவதில்லை. தலையை மட்டும் திருப்புகின்றது. அப்போது அதன் முடி பற்றி எரிகின்றது.